சென்யோரா மாங்காய்

அது என் பெயர்தான். ஆனால் பை என்னுடையது இல்லை. பையில் தொங்குகிற அட்டையைப் படித்துவிட்டு, "மங்கையர்க்கரசி அம்மா, பையைக் கொஞ்சம் நகர்த்திக்கிறீங்களா" என்று கேட்டாயே, அங்கேதான் தப்பு. அட்டையில் முதலில் என்ன இருக்கிறது என்று பார்த்தாயா? நித்திலா. அது என் பெண். பை அவளுடையது. அவள் பெயருக்குப் பின்னால் என் பெயர் எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்பதுதான் கேள்வி. நீ திருநெல்வேலி வரைக்கும்தானே? அப்படியென்றால் முழுசாகக் கேட்கலாம். உனக்கு அவள் வயதுதான் இருக்கும், நீ என்றே சொல்கிறேன். தப்பாக நினைத்தாலும் பரவாயில்லை, ஜன்னல் சீட்டை உனக்குத்தானே விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

எல்லாரும் இந்தப் பையைத்தான் பார்க்கிறார்கள். புடவை கட்டின பொம்பளை ஒருத்தி மலையேறுகிறவன் பையை முதுகில் மாட்டிக்கொண்டு கவர்ன்மென்ட் பஸ்ஸில் ஏறினால் பார்க்கத்தான் செய்வார்கள். மாட்டுத்தாவணியில் ஒருவன், "மேடம் ஃபாரினா?" என்றான். "இல்லை, பார்சல் சர்வீஸ்" என்றேன். வாயை மூடிக்கொண்டு போனான்.

என் பெண் டல்லாஸில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் வேலை. வா வா என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், போன வருஷம் போனேன். எங்கள் தெருவில் அமெரிக்கா போன அத்தனை பேரும் நயாகராவுக்குப் போய் நீல பிளாஸ்டிக் கோட்டு மாட்டிக்கொண்டு போட்டோ எடுத்து ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன். இவள் என்ன சொன்னாள் தெரியுமா? "அம்மா, நாம ரெண்டு பேரும் பேக்பேக்கிங் போகலாம். தென் அமெரிக்கா. பெருவிலேர்ந்து பொலிவியாவுக்கு, பஸ்லயே." ஏன், பிளேன் கிடையாதா அந்த ஊரில் என்று கேட்டேன். பஸ்ஸில் போனால்தான் ஊர் தெரியுமாம். ஊர் தெரிய எனக்கு இந்த மதுரை பஸ் போதாதா?

அவளுக்கு ஒரு எண்ணம், அம்மாவை வீட்டிலிருந்து வெளியே இழுக்க வேண்டும் என்று. நான் என்ன உள்ளே பூட்டியா கிடக்கிறேன்? கான்வென்ட்டில் படித்தவள் நான். பிளஸ் டூவில் இங்கிலீஷில் ஸ்கூல் ஃபர்ஸ்ட். பாங்க், கரண்ட் ஆபீஸ், வீட்டு வரி எல்லாம் நான்தான் பார்க்கிறேன். அவர் ஊரில் இல்லை என்றால் வேறு யார் பார்ப்பார்கள்?

அவர் என்றால் இவள் அப்பா. திருநெல்வேலியில் இருக்கிறார். டிரான்ஸ்ஃபர். கவர்ன்மென்ட் இன்ஜினியர். நித்திலா காலேஜ் சேர்ந்த வருஷம் மாற்றல் வந்தது, பிள்ளை படிப்பு இருக்கே என்று நான் மதுரையிலேயே இருந்துவிட்டேன். ரிடையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. அங்கே சில வேலைகள் பாக்கி இருக்கின்றன, முடித்துவிட்டு வருவார்.

சரி. விஷயத்துக்கு வருகிறேன்.

முதுகுப் பை மாட்ட மாட்டேன், பெட்டிதான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன். சக்கரம் வைத்த பெட்டி. அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்த ஊர் தெருக்களைப் பார்த்த பிறகுதான் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரிந்தது. எல்லாம் கருங்கல். பெட்டி கடகடவென்று உருண்டால் தெரு முழுக்கத் திரும்பிப் பார்க்கிறது. தங்குவதற்கு ஹாஸ்டல். ஹாஸ்டல் என்றால் நம் ஒர்க்கிங் விமன்ஸ் ஹாஸ்டல் மாதிரி என்று நினைக்காதே. ஒரு ரூமில் எட்டுப் பேர், ரயில் பெர்த் மாதிரி கட்டில், ஆண்பிள்ளையும் உண்டு. கீழ்க் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு இவள் மேலே ஏறிக்கொள்வாள். நான் புடவை மாற்ற வேண்டும் என்று தன் சால்வையை மேலிருந்து திரையாகத் தொங்கவிடுவாள். அது ஒருநாளும் ஒழுங்காக நின்றதில்லை.

சாப்பாடும் அதே கதைதான். ஒவ்வொரு கடையிலும் நின்று, வெறும் சோறு, கறி வேண்டாம், மீன் வேண்டாம், கறி வெந்த தண்ணீர்கூட வேண்டாம் என்று அவர்களிடம் கெஞ்சிக்கொண்டிருப்பாள். பின்னால் நிற்கிறவர்கள் முறைப்பார்கள். எனக்கு மானம் போகும். ஸ்பானிஷ் கற்றுக்கொண்டாளாம், போனிலேயே. இதற்காகத்தான் கற்றுக்கொண்டாள் போலிருக்கிறது, சோறு வாங்க.

முதுகில் சுமப்பது அங்கே அந்தப் பெண்களுக்குப் பிழைப்பு. இரட்டைப் பின்னல், தலையில் ஆண்பிள்ளைத் தொப்பி, முதுகில் கோடு போட்ட துணியில் மூட்டையோ பிள்ளையோ ஏதாவது ஒன்று. கூன் விழுந்த கிழவிகள்கூடச் சுமக்கிறார்கள். அவர்களுக்குப் பிழைப்பு, இவளுக்குப் பொழுதுபோக்கு. சொன்னேன். சிரித்தாள். அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

அப்புறம்தான் பார்டர் வந்தது.

புனோ என்று ஒரு ஊர், பெரிய ஏரிக்கரையில். அங்கே காலையில் பஸ் ஏறினோம். சமுத்திரம் மாதிரி ஏரி. ஆனால் எங்கே இருக்கிறது தெரியுமா, கொடைக்கானலைப்போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு உயரத்தில். பத்து அடி நடந்தால் மூச்சு வாங்குகிறது. தலை வலிக்கிறது என்றால் ஏதோ இலையை வெந்நீரில் போட்டுக் கொடுக்கிறார்கள். ஏரியைப் பார் ஏரியைப் பார் என்கிறாள் இவள். மண்டை பிளக்கிறவளுக்கு ஏரி என்ன, எச்சில் என்ன.

பார்டரில் பஸ்ஸை நிறுத்தி எல்லாரையும் இறக்கிவிட்டுவிடுவார்கள். இந்தப் பக்கம் பெரு ஆபீஸில் ஒரு முத்திரை. அப்புறம் நடக்க வேண்டும். ஆமாம், ஒரு தேசத்திலிருந்து இன்னொரு தேசத்துக்கு நடந்தே போக வேண்டும், ஒரு மேட்டில் ஏறி, கல் வளைவு ஒன்றின் வழியாக. அந்தப் பக்கம் பொலிவியா ஆபீஸ். பஸ் காலியாக அந்தப் பக்கம் வந்து நிற்கும். அந்த மேட்டில்தான் என் பெட்டிச் சக்கரம் கழன்றது. சரியாக இரண்டு தேசத்துக்கும் நடுவில். இவள் தன் பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு, என் பெட்டியைத் தலைமேல் தூக்கி வைத்துக்கொண்டு ஏறினாள். அந்தத் தொப்பிக்காரிகளில் ஒருத்தி பார்த்துவிட்டு என்னவோ சொல்லிச் சிரித்தாள். இவளும் சிரித்தாள். நான் சும்மா கையை வீசிக்கொண்டு பின்னால் போனேன். வேறு என்ன செய்யச் சொல்கிறாய்? எனக்குத்தான் மூச்சு வாங்குகிறதே.

பொலிவியா ஆபீஸில் வெள்ளைக்காரப் பிள்ளைகளெல்லாம் கிழிந்த ட்ரவுசரோடு நுழைந்து சரசரவென்று வெளியே வந்தார்கள். இந்தியர்கள் என்றால் விசா பார்க்க வேண்டும், கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள் என்று எங்கள் இருவர் பாஸ்போர்ட்டை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு போனார்கள். பஸ்ஸில் எல்லாரும் ஏறியாகிவிட்டது. எங்களுக்காகத்தான் நிற்கிறது.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நமக்கு சர்நேம் ஏது? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் சர்நேம் என்று ஒரு கட்டம் இருக்கிறதே என்று, கல்யாணம் ஆனவள் புருஷன் பெயரையும் பிள்ளைகள் அப்பா பெயரையும் போட்டுக்கொள்கிறோம். எங்கள் வீட்டில் மூன்று பாஸ்போர்ட்டிலும் அவர் பெயர்தான். அதனால் ஏர்போர்ட்டில் எங்கே கூப்பிட்டாலும் அவர் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். நித்திலா போய் நிற்பாள். அது வழக்கம்.

இன்னொன்று. அவர் பெயரை நான் சொல்வதில்லை. உடனே பட்டிக்காடு என்று நினைத்துவிடாதே. என் நாத்தனார் ஒருத்தி இருக்கிறாள், அவள் புருஷன் பெயர் ஆறுமுகம். ரேஷன் கடையில் கேட்டால் ஆறு விரலைக் காட்டி, அப்புறம் முகத்தைத் தொட்டுக் காட்டுவாள். எங்கள் வீட்டில் அதை நடித்துக் காட்டித்தான் சிரிப்போம், நானும் நித்திலாவும். என் விஷயம் அப்படி இல்லை. அந்த மாதிரி நம்பிக்கையெல்லாம் எனக்குக் கிடையாது. பழக்கமில்லை, அவ்வளவுதான். இரண்டும் வேறு.

ஆபீஸர் வாசலுக்கு வந்தான். தொப்பியும் தொப்பையுமாக ஒரு மனுஷன், கையில் இரண்டு பாஸ்போர்ட். அவர் பெயரைக் கூப்பிட்டான். நான் நித்திலாவைப் பார்த்தேன். அவள் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுபடியும் கூப்பிட்டான்.

"போயேன்டி, கூப்பிடுறான்."

"உன்னைத்தாம்மா."

"ரெண்டு பேரையும்தான்."

"இல்லம்மா. உன்னை மட்டும்."

எனக்கு விளங்கவில்லை. அதற்குள் அவன் அடுத்த பாஸ்போர்ட்டைத் திறந்தான். கண்ணைச் சுருக்கினான். ஒரு தடவை எச்சில் விழுங்கினான். "மாங்காய்..." என்றான். நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு, "ஆர்... கராசி" என்றான்.

ஸ்கூலில் என்னை எல்லாரும் மாங்காய் என்றுதான் கூப்பிடுவார்கள். ஹெட்மிஸ்ட்ரஸ் சிஸ்டருக்கு முழுப் பெயர் வாயில் நுழையாது, மங்கை என்பார். அதைப் பிடித்துக்கொண்டு மற்றதுகள் மாங்காய் ஆக்கிவிட்டன. என் டெஸ்க்கில் உப்பும் மிளகாய்ப்பொடியும் பொட்டலம் கட்டி வைப்பார்கள். அந்தப் பெயரை ஒழிக்கத்தான் கல்யாணமானதும் மிஸஸ் போட்டு அவர் பெயரால் எழுத ஆரம்பித்தேன். எங்கள் தெருவில் எத்தனை பேருக்கு என் பெயர் தெரியும் என்று கேள். ஒருத்தருக்கும் தெரியாது. இன்ஜினியர் வீட்டம்மா. போதும். இப்படி உலகத்தின் அந்தக் கோடியில் வந்து நின்றால், ஒருவன் மாங்காய் என்கிறான்.

நான் முன்னால் போனேன். அவளும் வந்தாள். இருவரும் ஒரே சமயத்தில் அவன் முன்னால் நிற்கிறோம். அவன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் காட்டினான். அதில் அவள் போட்டோ. சர்நேம் கட்டத்தில் என் பெயர்.

புதுப்பிக்கும்போது மாற்றிவிட்டாள். கெஜட்டில் போட்டு, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, எல்லாம் முறையாக. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிக்கெட், பாஸ்போர்ட் எல்லாம் அவளே வைத்திருந்தாள், நான் எப்படிப் பார்ப்பேன்? பொலிவியாவில் வைத்து அவளே காட்டலாம் என்று இருந்தாளாம். அடுத்த நாள் என் பிறந்தநாள். நான் எந்தக் காலத்தில் பிறந்தநாள் கொண்டாடினேன்?

அந்த ஆபீஸர் எங்கள் இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவர்கள் ஊரில் ஆளுக்கு இரண்டு சர்நேமாம், அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. நித்திலா அப்புறம் சொன்னாள். ஆனால் ஒருத்தியின் சொந்தப் பெயர் இன்னொருத்திக்குக் குடும்பப் பெயராக இருப்பது அவனுக்குப் புரியவில்லை. எங்கேயோ கோளாறு என்று நினைத்தான். உள்ளே கூட்டிக்கொண்டு போனான். என் பாஸ்போர்ட்டை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு என்னை ஏதோ கேட்டான்.

"முழுப் பேரு சொல்லணுமாம், அம்மா."

"மங்கையர்க்கரசி" என்றேன்.

அவன் தலையாட்டினான். அப்புறம்? என்று கையைக் காட்டினான். திரும்பக் கேட்டான். "சர்நேம்மா" என்றாள் இவள். எனக்குத் தெரியாதா? கான்வென்ட்டில் படித்தவளுக்கு சர்நேம் தெரியாதா? பெயர் தொண்டை வரைக்கும் வந்தது. அப்புறம் வரவில்லை. அந்த உயரத்தில் மூச்சே வராது, பெயர் எங்கிருந்து வரும்?

எழுதிக் காட்டுகிறேன் என்று விரலால் காற்றில் எழுதினேன். வேண்டாம், வாயால் சொல் என்கிறான். அவனுக்குச் சந்தேகம், இந்தப் பொம்பளைக்குத் தன் பெயரே தெரியவில்லை, யாருடைய பாஸ்போர்ட்டோ என்று. வெளியே பஸ் ஹாரன் அடித்தது. பஸ்ஸோடு வருகிற பெண் வாசலில் வந்து நின்று மணிக்கட்டைத் தட்டிக் காட்டினாள். நாங்கள் போகாவிட்டால் எங்களை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அங்கே ஒரு வீடு வாசல் கிடையாது.

அப்போது என் கை தன்னால் எழுந்தது. நான் எழுப்பவில்லை. ஜன்னல் வழியாக மேலே காட்டினேன். நல்ல உச்சி வெயில். அந்த ஊரில் வானம் அப்படி ஒரு நீலம், நடுவில் அது தகதகவென்று எரிகிறது. அதைக் காட்டினேன்.

ஆபீஸர் எழுந்து வந்து ஜன்னலில் தலையை நீட்டி மேலே பார்த்தான். பஸ் பெண்ணும் பார்த்தாள். வரிசையில் நின்ற இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. என்னைப் பார்த்தான். மறுபடியும் மேலே பார்த்தான். அப்புறம் தலையில் தட்டிக்கொண்டு என்னவோ சொன்னான். உயரத்தில் சில பேருக்கு மூளை குழம்புமாம், அது என்று நினைத்துவிட்டான். நாற்காலி கொண்டுவந்து போட்டான். மெல்லுவதற்கு இலை கொடுத்தான். ஒரு பைத்தியத்தை நடத்துகிற மாதிரி, அவ்வளவு பதமாக.

நித்திலா சிரிக்கிறாள் என்று நினைத்தேன். நாத்தனார் ஞாபகம் வந்து சிரிக்கிறாள் என்று. நிமிர்ந்து பார்த்தால் சிரிப்பு இல்லை.

"ஒரே ஒரு தடவை சொல்லும்மா. பேருதானே. அந்த ஆளு உனக்குப் பண்ணினதுக்கு, அவர் பேரு இன்னும் உனக்குச் சாமியா?"

"எனக்கு மூச்சு வாங்குதுடி."

அவள் அந்த ஆபீஸரிடம் திரும்பி, அந்தப் பெயரைச் சொன்னாள். அப்பா என்றுகூடச் சொல்லவில்லை. பெயர். தெருவில் போகிறவனைச் சொல்கிற மாதிரி. அதற்கப்புறம் ஸ்பானிஷில் என்னவோ விளக்கினாள். அவன் ஒரு கேள்வி கேட்டான். அவள் ஒரே வரியில் பதில் சொன்னாள். அவன் தொப்பியைக் கழற்றி மேஜை மேல் வைத்தான். என்னை ஒரு பார்வை பார்த்தான் பார், அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். டக், டக் என்று இரண்டு முத்திரை. என் பாஸ்போர்ட்டைத் தன் கையால் என் கையில் கொடுத்தான். சர்நேமைச் சொல்லிக் கூப்பிடவில்லை. "சென்யோரா மாங்காய்" என்றான், மேடம் மாங்காய் என்று. மெதுவாக, சாவு வீட்டில் பேசுகிற மாதிரி.

யார் கேட்டது அவன் பரிதாபத்தை? முன்னே பின்னே தெரியாத ஒரு ஆள். அவன் ஊர் என்ன, என் ஊர் என்ன.

வெளியே வந்ததும் பிடித்துக்கொண்டேன். பஸ் உறுமிக்கொண்டு நிற்கிறது.

"அவன்கிட்ட என்னடி சொன்னே?"

"உன் வீட்டுக்காரர் எங்கன்னு கேட்டான். சொன்னேன்."

"டிரான்ஸ்ஃபர்ல திருநெல்வேலியில இருக்கார்னு சொன்னியா?"

"டிரான்ஸ்ஃபருக்கு ஸ்பானிஷ்ல என்னன்னு எனக்குத் தெரியாதும்மா."

எவ்வளவு திமிர் பார். சோறு கேட்கத் தெரிகிறது, இது தெரியவில்லையாம். நான் விடவில்லை. நாளைக்கு உன்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் சர்நேமைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள், அப்பன் பெயர் தெரியாதவள் என்றுதானே நினைப்பார்கள் என்றேன்.

"அப்பா பேரு தெரியும்மா. தெரிஞ்சதாலதான் எடுத்தேன்."

"அதுக்கு என் பேரா கிடைச்சது?"

"எனக்குப் பிடிச்சிருக்கு அந்தப் பேரு. எனக்கு எல்லாம் செஞ்சவ பேரு அது. யாரும் உன்னை அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்ல. என்னையாவது கூப்பிடட்டும்."

பேசக் கற்றுக்கொண்டிருக்கிறாள். நான் சொன்னேன், "எனக்கே வேண்டாத பேரு. உன்கிட்ட எடுத்துக்கச் சொன்னேனா? மரியாதையா அதையும் எடுத்துட்டு, அவர் பேரைத் திரும்பப் போடு." நியாயமாகத்தான் கேட்டேன். நீயே சொல், நியாயம்தானே?

அவள் பெட்டியை பஸ்ஸின் வயிற்றுக்குள் வைத்துவிட்டு ஏறினாள். என் பக்கத்தில் உட்காரவில்லை. பின்னால் போய் ஒரு தொப்பிக்காரி பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்க்கிறேன், அந்தப் பொம்பளை தோளில் சாய்ந்து தூங்குகிறாள். அந்தப் பொம்பளை தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், இவள் எழுந்துவிடக் கூடாதாம். யார் பெற்ற பிள்ளைக்கு யார் தோள் கொடுப்பது? நான் முன்னால் ஒற்றையில் உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கொண்டு வந்தேன். பாரு பாரு என்றாளே, பார்த்தேன்.

அடுத்த நாள் ஒரு ஸ்வெட்டர் வாங்கி வந்து என் கட்டிலில் வைத்தாள். அந்த ஊர் ஆட்டு மயிர் மாதிரி ஏதோ, பஞ்சு மாதிரி இருக்கும். பிறந்தநாளுக்கு. வாழ்த்துகூடச் சொல்லவில்லை. அது இந்தப் பைக்குள்தான் இருக்கிறது. மதுரையில் அதை நான் எந்த நாளில் போட? ஆண்பிள்ளைக்கும் பொருந்துகிற மாதிரி பெரிதாகத்தான் இருக்கிறது. அவருக்குக் கொடுத்துவிடலாம் என்று எடுத்துவந்தேன். திருநெல்வேலியில் குளிரா என்று சிரிக்காதே. பொருள் நல்ல பொருள்.

டிக்கெட்டை முன்தேதிக்கு மாற்றிக்கொண்டு கிளம்பிவிட்டேன். பெட்டிதான் உடைந்துவிட்டதே, அவள் தன் பையைக் காலி செய்து என் புடவையெல்லாம் மடித்து வைத்தாள். டல்லாஸ் ஏர்போர்ட்டில், செக்-இன் வரிசையில் நின்றுகொண்டு, இந்த அட்டையில் எழுதிக் கட்டினாள். வீம்புக்கு. தன் முழுப் பெயரையும் எழுதிக் கட்டினாள், நான் ஊர் முழுக்கத் தூக்கிக்கொண்டு திரியட்டும் என்று. கடைசியாக ஒன்று சொன்னாள். "இந்தப் பேரை மாத்தச் சொல்றதுக்கு அவர்கிட்ட போய் நிக்காதே. போனா எனக்கு போன் பண்ணாதே."

இப்போது எங்கே போகிறேன் என்று கேள். அங்கேதான் போகிறேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் மாற்றிவிடுவாள். என்ன இருந்தாலும் அப்பா. அவளுக்குக் கோபம், அவ்வளவுதான், அப்பா கூப்பிட்டுப் பேசவில்லை என்று. அவர் கூப்பிட்டு, என்னம்மா இப்படிப் பண்ணிட்டே என்று கேட்டால் கரைந்துவிடுவாள். அவளை எனக்குத் தெரியாதா?

கோவில்பட்டி தாண்டிவிட்டதா? அதற்குள் இருட்டுகிறது. உன்னிடம் ஒரு உதவி கேட்கலாமா? அவர் என் நம்பரை எடுப்பதில்லை. வேலையாக இருப்பார். இறங்கினதும் எந்தத் தெரு என்று தெரிய வேண்டும், பெருமாள்புரம் என்றுதான் தெரியும், நான் அந்த வீட்டுக்குப் போனதில்லை. உன் போனிலிருந்து ஒரு தடவை போடேன். இதோ, நம்பர் இதுதான். நித்திலா அப்பா என்று போட்டு வைத்திருக்கிறேன். யார் வேண்டும் என்று கேட்டால் நீதான் பெயரைச் சொல்ல வேண்டும். பெயரா? பெயர்... மேலே காட்டலாம் என்றால் இருட்டிப் போச்சு, அதுவும் இறங்கிவிட்டது. நான்தான் அப்போதே சொன்னேனே, உச்சி வெயிலில் எதைக் காட்டினேன் என்று. அதோடு நாராயணனைச் சேர்த்துக்கொள். ஆ, அதேதான். புத்திசாலி.

ஸ்பீக்கரில் போடு. பஸ் சத்தத்தில் கேட்காது. இன்னும் கொஞ்சம் கிட்டே வை.

மணி அடிக்கிறது.

...

கட் பண்ணு.

கட் பண்ணு என்கிறேன்.

சூர்யாவாம்.

கேட்டாயா? நீ கேட்டாயா இல்லையா? "சூர்யா, ஏதோ புது நம்பர், வந்து எடுங்க" என்கிறாள். அடுப்படியிலிருந்து, குக்கர் சத்தத்துக்கு நடுவில். சாதாரணமாக, உப்பை எடுங்க என்கிற மாதிரி.

என்ன அப்படிப் பார்க்கிறாய்? நானா சொன்னேன்? அவள் சொன்னதைத்தான் சொன்னேன்.

ஜன்னலைக் கொஞ்சம் இறக்கு. காற்று முகத்தில் அடிக்கிறது.

உன் நம்பருக்கு அவர் திரும்பக் கூப்பிட்டால் ராங் நம்பர் என்று சொல்லிவிடு. அடுத்து எந்த ஊர், கயத்தாறா? அங்கே நின்றால் மதுரைப் பக்கம் பஸ் கிடைக்குமா? கண்டக்டரைக் கேள். இல்லை, இரு, நானே கேட்டுக்கொள்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த அட்டையை இப்படித் திருப்பு. என் கண்ணாடி பைக்குள் எங்கேயோ இருக்கிறது. உன் போன் வெளிச்சத்தைக் காட்டு. ஸ்பெல்லிங் சரியாகப் போட்டிருக்கிறாளா என்று பார்க்க வேண்டும். அவசரக்குடுக்கை, எதையும் ஒழுங்காகச் செய்ய மாட்டாள். ஸ்கூலிலும் என் பெயரை ஒருத்தரும் ஒழுங்காக எழுதினதில்லை, ஒரு எழுத்தாவது முழுங்கிவிடுவார்கள்.

படி. முதலிலிருந்து. அவள் பெயரையும் சேர்த்து.

இன்னும் மெதுவாக.